காசு பன்னிரண்டு ரூபாய், கவர் அறுபத்தொன்று

மோதி பாக், டெல்லி.

இரண்டு பைசா, மூன்று பைசா, ஓட்டைக் காலணா விற்கிற நண்பர்களுக்கு,

தங்க மொகர், விஜயநகர வராகன் என்று லட்சத்தில் புழங்குகிறவர்கள் இந்த மடலைப் படிக்காமலே போகலாம். நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நூற்றைம்பது ரூபாய் தபால் செலவு என்பது அவர்களுக்குக் கொசுக்கடி. நான் எழுதுவது நமக்கு. டப்பாவில் இரண்டாவதாக, மூன்றாவதாகக் கிடக்கும் காசைப் படம் எடுத்துப் போனில் போட்டு, ஐந்துக்கும் பத்துக்கும் கொடுத்து, வந்த பணத்தில் நம்மிடம் இல்லாத வருஷத்தைத் தேடுகிற கூட்டம் நாம். வியாபாரி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம். சும்மா கொடுக்கவும் மனசு வராது.

2025 தீபாவளி முடிந்த வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் கேட்டான். பிளஸ் ஒன் படிக்கிறானாம். மூன்று பைசா ஒன்று, இரண்டு பைசா ஒன்று. முன்னது எட்டு ரூபாய், பின்னது நாலு. “பன்னிரண்டு ரூபாய், தபால் 61” என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: “அக்கா, புள்ளி விட்டுப்போச்சா? 6.10-ஆ?” இல்லை தம்பி, அறுபத்தொன்றேதான் என்றேன். நீல டிக் இரண்டும் விழுந்தன. அதற்குப் பிறகு பேச்சில்லை.

அந்த இரண்டு காசும் சேர்ந்து இரண்டேகால் கிராம். அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிராமுக்கு 27 ரூபாய் கேட்டிருக்கிறேன். ஏலக்காய்கூட அந்த விலைக்கு விற்பதில்லை.

இது எப்படி வந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இன்னும் பழைய கணக்கிலேயே விலை சொல்லிவிட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்ட் கடைசிவரை நமக்கு ரிஜிஸ்தர் தபால் இருந்தது. 20 கிராம்வரை தபால்தலை 5, பதிவுக்கு 17, ஆக 22 ரூபாய். 2022 ஜூலையில் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறி 25 ரூபாய் 96 பைசா ஆனது. அதற்கே அன்று முனகினோம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உள்நாட்டு ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டுக்கும் புதுக் கட்டணம். 50 கிராம்வரை உள்ளூருக்குள் 19, வெளியூர் என்றால் எங்கே போனாலும் 47. பெறுநர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று பதிவும் சேர்த்தால் இன்னொரு 5. எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி தனி. கூட்டிப் பாருங்கள், 61 ரூபாய் 36 பைசா வரும்.

துறையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. மோதி பாக்கிலிருந்து சண்டிகருக்கும் 47, கன்னியாகுமரிக்கும் 47 என்பது ஒருவிதத்தில் பெரிய மனசு. தூரத்துக்கோ எடைக்கோ நாம் கூலி கொடுக்கவில்லை. யாரோ ஒருவர் பையைச் சுமந்துகொண்டு, கதவு எண்ணைத் தேடி, மாடி ஏறி, கையெழுத்து வாங்குகிறாரே, அதற்குக் கொடுக்கிறோம். உள்ளே இரண்டு கிராம் இருந்தாலும் நாற்பது கிராம் இருந்தாலும் அவர் ஏறுகிற படி அதே படி. நாம்தான் இத்தனை நாள் ‘ஒரு காசு, ஒரு கவர்’ என்று பழகிவிட்டோம். 26 ரூபாயில் அது தாக்குப்பிடித்தது. 61-இல் தாக்குப்பிடிக்காது.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் ஒன்று உண்டு. அம்பாசமுத்திரத்துப் பையன் எனக்குப் பன்னிரண்டு ரூபாயை யூபிஐயில் அனுப்ப ஒரு பைசா செலவில்லை. பணம் அனுப்பக் காசு ஆகாது. காசு அனுப்பத்தான் பணம் ஆகிறது.

இந்தத் தலைவலி நமக்குப் புதிதாக வந்ததும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைக்கு வங்காள தேசத்தில் இருக்கும் சில்ஹெட்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராகப் போன ராபர்ட் லிண்ட்சே தன் நினைவுக் குறிப்பில் இதையேதான் புலம்புகிறார். அங்கே வரி கட்டுவது சோழியில். ரூபாய்க்கு 5,120 சோழி. அதை மலைபோலக் கிடங்குகளில் குவித்து, பிறகு படகு படகாக ஏற்றி டாக்காவுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புவதில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் நஷ்டம், வழியில் போகும் திருட்டுக் கணக்கு தனி என்கிறார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலேயாவிலும் உண்டியல் எழுதிக் கைமாற்றியதும் மூட்டை தூக்காமல் இருக்கத்தான். பணத்தைத் தாளாக்கினார்கள், பிறகு போனுக்குள் எண்ணாக்கினோம். நாம் மட்டும்தான் இன்னும் உலோகத்தையே ஊர் ஊராக அனுப்புவேன் என்று நிற்கிறோம். பொழுதுபோக்கு அப்படி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 61 ரூபாயைப் பார்த்துப் பயந்து நம்மில் பலர் இப்போது செய்ய ஆரம்பித்திருக்கும் ஒரு காரியம்தான் இந்த மடலை எழுத வைத்தது. ‘ஷிப்பிங் ஃப்ரீ’. நாலு ரூபாய் இரண்டு பைசாவை ‘79 ரூபாய், தபால் இலவசம்’ என்று போடுகிறீர்கள். வாங்குகிறவருக்குத் தபால் என்ற வார்த்தையே கண்ணில் படாது, அதனால் வாங்கிவிடுவார் என்று கணக்கு. வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. அதில் மோசடி எதுவும் இல்லை, விலை முன்கூட்டியே சொன்னதுதானே என்று கேட்பீர்கள்.

பிரச்சினை அந்த ஒரு விற்பனையோடு முடிவதில்லை. இரண்டு பைசா என்ன விலை போகிறது என்று நாளைக்கு ஒருவர் தேடினால் அவருக்குக் கிடைப்பது 79. அச்சடித்த விலைப் புத்தகம் பார்த்து இந்தக் காசுகளை வாங்குகிறவர்கள் இன்றைக்கு எத்தனை பேர்? போனில் கண்ணில் படுகிற விலைதான் விலை. அதைப் பார்த்துப் பாட்டியின் சுருக்குப்பையில் இரண்டு பைசாக் காசு முப்பது இருக்கிறது, இரண்டாயிரத்து முந்நூற்றெழுபது ரூபாய் என்று ஒரு வீடு கணக்குப் போடும். அவர்கள் விற்க வரும்போது நாலு ரூபாய் என்று உண்மையைச் சொன்னால் நம்மைத் திருடன் என்பார்கள். என்னை ஒருமுறை அப்படியே சொன்னார்கள், ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில் வைத்து. சொன்னவர் நல்ல மாமி. அவர் கையில் ஆதாரமாக ஒரு ஸ்கிரீன்ஷாட் இருந்தது.

வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுக்கு லட்சம் லட்சமாகத் தருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி எங்கிருந்து தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? விலை தெரியாத இடத்தில்தான். அந்தப் புரளியை வைத்துப் பிழைக்கிறவர்கள் கடைசியில் கேட்பது என்ன என்பதைக் கவனியுங்கள். “உங்கள் காசை இத்தனை லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம், கமிஷன், வரி இவ்வளவு அனுப்புங்கள்” என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு இப்படிக் கட்டணம் கேட்கிறார்கள், எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி அறிக்கை விட வேண்டி வந்தது. ஆக, பழைய காசு வியாபாரத்தில் ‘மேல்செலவு’ என்ற சொல்லே கறைபட்டுக் கிடக்கிறது. அந்தச் சொல்லை மறைத்தால் கறை போகாது. ரசீதோடு காட்டினால்தான் போகும்.

எதிர்ப்பக்கத் தப்பும் நம்மிடம் உண்டு. காசு ஒரு ரூபாய், தபாலும் பேக்கிங்கும் 150 என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் காட்டி ஆளை இழுத்துவிட்டு, லாபம் முழுவதையும் கவருக்குள் வைப்பது. அமெரிக்காவில் ஈபேயில் இந்த வித்தை ரொம்ப நாள் நடந்தது. காசு விலைக்கு மட்டும்தான் கமிஷன் என்பதால் ஒரு சென்டுக்குப் பொருளும் பத்து டாலருக்குத் தபாலும். 2011-இல் தபால் தொகைக்கும் சேர்த்தே கமிஷன் என்று மாற்றினார்கள். பிற்பாடு, இருபது டாலருக்கு உட்பட்ட அட்டை, ஸ்டாம்பு, காசு போன்றவற்றுக்காகவே மெல்லிய கவரில் டிராக்கிங்கோடு போகும் மலிவான ஏற்பாடு ஒன்றையும் கொண்டுவந்தார்கள். நம் ஊர் ஈபே 2018 ஆகஸ்டில் கடையைக் கட்டிவிட்டது. அப்படி ஒரு மலிவுக் கவரை நமக்காக யாரும் தைத்துத் தரப்போவதில்லை. இருக்கிற கவரில்தான் வழி பார்க்க வேண்டும்.

நான் பார்த்த வழியைச் சொல்கிறேன். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, மளிகைக் கடைப் பற்று நோட்டுதான். காசை விற்காதீர்கள், கவரை விற்றுப் பாருங்கள்.

என் பீரோ மேல் இப்போது ஒன்பது பழைய கவர்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு எண். பெயர், வாங்குகிறவருடையது. எண், அதுவரை சேர்ந்த எடை. ஒருவர் ஒரு காசு கேட்டால் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு அவர் கவரில் போட்டுவிடுகிறேன். இன்னும் எத்தனை கிராமுக்கு இடம் இருக்கிறது என்று சொல்லி வைக்கிறேன். நிறைந்ததும், அல்லது அவர் போதும் என்றதும், தபால் காசு வாங்கி அனுப்புகிறேன். மூன்று மாதம்வரை கிடந்த கவர்கூட உண்டு. அவசரப்பட்டு யாரும் சேகரிப்பதில்லையே. 1965-இல் அடித்த அலுமினியக் காசு அறுபது வருஷம் காத்திருந்தது, இன்னும் ஆறு வாரம் காத்திருக்காதா?

கணக்கு இப்படி. கவர், உள்ளே இரண்டு அட்டை, டேப், எல்லாம் சேர்ந்து என் தராசில் 13 கிராம். மிச்சம் 37. இரண்டு பைசா ஒரு கிராம். அதைப் போட்டுத் தைக்கிற சதுர ஹோல்டர் ஏறக்குறைய இரண்டு கிராம். ஆக, ஒரு கவரில் பன்னிரண்டு காசு போகும். 61 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் காசுக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம். கட்டுப்படியாகிற விஷயம். இரட்டை உலோகப் பத்து ரூபாய் என்றால் கதை வேறு. அது ஒன்று 7.71 கிராம். மூன்றுக்கு மேல் நாலாவதை வைத்தால் 50-ஐத் தாண்டிவிடும். அந்த ரகத்தை எல்லாம் ஊருக்குள் நேரில் கைமாற்றிக்கொள்வதுதான் உத்தமம். மெட்ரோ விஸ்வேஸ்வரய்யா மோதி பாக் ஸ்டேஷன் வாசலில் நான் கொடுத்து வாங்கியிருக்கிறேன், பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

இந்த அலுமினியக் காசுகளுக்குத்தான் இந்த முறை கச்சிதமாகப் பொருந்தும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பைசா அலுமினியம் 1965 முதல் 1981 வரை. கல்கத்தா, பம்பாய், ஹைதராபாத் என்று மூன்று நாணயச் சாலை. வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் பம்பாய், ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. நொய்டாவின் புள்ளியை இதில் தேடாதீர்கள், அந்தச் சாலை வந்ததே 1988-இல். ஒரு பையன் ஒழுங்காகச் சேர்க்க ஆரம்பித்தால் இந்த ஒரு ரகத்திலேயே பல டஜன் வாங்கியாக வேண்டும். எதுவும் அபூர்வம் இல்லை, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. தபால் இல்லாமல் அவனால் முடிக்கவே முடியாது. இங்கே மோதி பாக் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து டப்பாவைக் கவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துத் தேடிவிட்டுப் போகிறார்கள். அம்பாசமுத்திரத்துப் பையனுக்கு அந்தத் தரை இல்லை. அவனுக்குக் கவர்தான் தரை.

இனி கட்டும் விதம். இதில் நான் கறார், ஏனென்றால் நான் பட்டவள்.

2023-இல் பதினைந்து ரூபாய்க் காசு ஒன்றைச் சாதாரணத் தபாலில் அனுப்பினேன். ஐந்து ரூபாய் ஸ்டாம்பு. காசைக் காகிதத்தில் மடித்துக் கவருக்குள் போட்டு ஒட்டினேன், அவ்வளவுதான். அது வழியெல்லாம் மூலைக்கும் மூலைக்கும் ஓடியிருக்கும். போய்ச் சேர்ந்த கவரை வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார். ஓரத்தில் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு. வேறு கிழிசலே இல்லை, காசின் விளிம்பே கத்தியாகி அளவெடுத்து வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. தபாலைக் குற்றம் சொல்ல வாயே இல்லை. பதினைந்தைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு காசை 26 ரூபாய்க்கு ரிஜிஸ்தரில் அனுப்பி, ஆக மொத்தம் அந்த மாதம் காபிப்பொடியில் கை வைத்தேன்.

இப்போது செய்வது இது. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளை எறிவதில்லை. நம் ஊர் அச்சகங்கள் போடும் அட்டைக்கு ஈடு இங்கே ஸ்டேஷனரிக் கடையில் கிடையாது. கவரைவிடக் கொஞ்சம் சின்னதாக இரண்டு துண்டு வெட்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு காசையும் ஹோல்டரில் வைத்து நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடித்து, பின் பக்கம் துருத்தும் கம்பியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குகிறேன். இதைச் செய்யாவிட்டால் ஒரு ஹோல்டரின் கம்பி அடுத்த காசைக் கீறும். புதுக்கருக்கு மாறாத காசில் ஒரு கீறல் விழுந்தால் விலை பாதி. காசின் மேல் நேரடியாக செலோடேப் ஒட்டுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் மாசக்கணக்கில் வைத்தால் செம்புக் காசில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும், அதுவும் வேண்டாம். ஹோல்டர்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் அட்டையில் பரப்பி ஒட்டி, மேலே இரண்டாவது அட்டையை வைத்து, கவருக்குள் இழுத்தாற்போல் நுழைக்க வேண்டும். கடைசியில் கவரைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது. உள்ளே காசு இருக்கிறது என்று கவரே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போவது யாருக்கும் நல்லதில்லை.

கவுன்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். “புரானே சிக்கே”, பழைய காசுகள், என்றுதான் நான் சொல்கிறேன். மேலே நான் சொன்ன தொகை ஆவண வகை ஸ்பீட் போஸ்ட்டுக்கு. கவர் தடித்துப் புடைத்திருந்தால் பார்சல் என்பார்கள், அது அவர்கள் உரிமை, வாதாடாதீர்கள். தனியார் கூரியர்களில் பெரும்பாலும் காசு, நோட்டு, நகை எல்லாம் ஏற்கக் கூடாத பட்டியலில் இருக்கும். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, ஆகவே மூன்று பைசா என்பது இப்போது பணமே இல்லை, வெறும் அலுமினிய வில்லை என்று கூரியர் கடைப் பையனிடம் நான் ஒருமுறை சட்டம் பேசினேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். ‘டாக்குமென்ட்’ என்று பொய் எழுதிக் கொடுத்துவிட்டு, தொலைந்த பிறகு யாரிடம் போய் என்ன கேட்க முடியும்?

வெளிநாட்டுத் தமிழர்கள் கேட்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இன்சூர் செய்யாத சாதாரண மடலில் காசு வைக்கக் கூடாது என்பது சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதி. அதைவிடப் பெரிய விஷயம் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம். நூறு வயதான காசு தொல்பொருள். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ராஜராஜன் செப்புக்காசை டொரான்டோவிலிருந்து எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஜார்ஜ் மன்னர் காலத்துக் காலணாவிலும் கவனம் வேண்டும். வருஷம் பிறக்கும்போதெல்லாம் இன்னொரு வருஷத்துக் காசு நூறைத் தொடுகிறது. 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. யுத்தத்தில் செம்பு மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டார்கள். இரண்டு கிராம்தான் எடை. அன்றைக்கு மிச்சம் பிடித்த உலோகம் இன்றைக்கு நம் கவருக்கு உதவுகிறது.

என் வேண்டுகோள் கடைசியில் இவ்வளவுதான். விலையைத் தனியாக எழுதுங்கள், தபாலைத் தனியாக எழுதுங்கள். அட்டை, ஹோல்டர், கவருக்கு ஐந்தோ ஆறோ வேண்டுமென்றால் அதையும் மூன்றாவது வரியாக வெளிப்படையாக எழுதுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். அனுப்பியதும் தபால் ரசீதைப் படம் எடுத்துப் போடுங்கள். ரசீதில் 55 இருக்க, வாங்கியது 100 என்றால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர் கேட்காத ஒரு இருபது பைசாக் காசை உள்ளே வையுங்கள். ஐந்து ரூபாய் ஸ்டாம்பில் சாதாரணத் தபால் இன்னமும் இருக்கிறது. தொலைந்தால் போகட்டும் என்று வாங்குகிறவர் தன் வாயால் சொன்னால் மட்டும் அதில் அனுப்புங்கள், என்னை மாதிரி அனுப்பாதீர்கள்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பையன் திரும்பி வந்தான். அவன் வகுப்பில் இன்னும் இரண்டு பேருக்கு இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டதாம், அல்லது ஒட்டவைத்தானாம். மூன்று பேருக்குமாகப் பன்னிரண்டு காசு, 74 ரூபாய். தபால் 61-ஐ மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். “அக்கா, ஆளுக்கு இருபது ரூபாய்தான், பரோட்டாக் காசு” என்று எழுதியிருந்தான். மூன்று பைசாக்கள் அதிகம் என்பதால் எடை கொஞ்சம் இழுத்தது. வீட்டுத் தராசில் வைத்தபோது 49. நிம்மதியாக எடுத்துக்கொண்டு போனேன்.

கவுன்டரில் இருந்தவர் கவரை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினார். “மேடம், இக்யாவன்.” ஐம்பத்தொன்று. முகவரிச் சீட்டையும் மேலே சுற்றிய டேப்பையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. 50-ஐத் தாண்டினால் அடுத்த படி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் 77 ரூபாய், பதிவும் வரியும் சேர்த்து 96 ரூபாய் 76 பைசா. ஒரு கிராமுக்கு முப்பத்தைந்து ரூபாய் நாற்பது பைசா கூடுதல். ஆளுக்கு இருபது என்று நான் வாக்குக் கொடுத்தாயிற்று.

கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மேஜை அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கவரைப் பிரித்து இரண்டு அட்டைகளையும் வெளியே இழுத்து, நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கினேன். யார் வீட்டுக் கல்யாணமோ நினைவில்லை. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரி முழுசாக என் கையோடு வந்துவிட்டது. திரும்ப ஒட்டி வைத்தேன்.

“பச்சாஸ்” என்றார். ஐம்பது.

அன்புடன்,
மோதி பாக்கிலிருந்து உங்களில் ஒருத்தி